கோவளத்தில் முதல் அலைச்சறுக்குப் பாடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு கோடை விடுமுறையில், நாற்பத்தொன்றாவது வயதில், கோவளத்தில் முதல்முறையாக அலைச்சறுக்குப் (சர்ஃபிங்) பலகையில் ஏறினேன். ஏறினேன் என்பதைவிட அதிலிருந்து விழுந்தேன் என்பதே பொருத்தம். படத்தைக் குடும்பக் குழுவில் போட்ட அன்றிலிருந்து கேள்விகள் ஓயவில்லை. நாத்தனார் கேட்டதையே அலுவலகத் தோழி கேட்கிறாள். அவள் கேட்டதையே மாடிவீட்டு மாமி கேட்கிறார். இடையில் ஏழெட்டுப் பேரை நானே அழைத்துப் போயிருக்கிறேன். நான் பயிற்சியாளர் இல்லை, இன்னும் ஒழுங்காகச் சறுக்கவும் தெரியாது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே வைத்திருக்கிறேன்.

கோவளம் என்றால் கேரளாதானே?

இது சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டரில் இருக்கும் மீனவக் கிராமம். கேரளத்தில் ஒரு கோவளம், கன்னியாகுமரி பக்கம் ஒரு கோவளம், இது மூன்றாவது. என் ஒன்றுவிட்ட தங்கையின் கணவர் இணையத்தில் அறை பதிவு செய்துவிட்டு, "கடலோர அறை இவ்வளவு மலிவா!" என்று மகிழ்ந்தார். அறை திருவனந்தபுரம் பக்கம் இருந்தது. பதிவு செய்யும்போது மாவட்டம் செங்கல்பட்டு என்று இருக்கிறதா பாருங்கள். பஸ்ஸில் வருவதானால் மாமல்லபுரம் செல்லும் பஸ்ஸில் ஏறி, கோவளம் சந்திப்பில் இறங்கி உள்ளே வரலாம்.

இங்கே அலைச்சறுக்கு பரவியதற்குக் காரணம் உள்ளூர் மீனவரான மூர்த்தி மேகவன். 2012-இல் அவர் முன்னின்று அலைச்சறுக்குப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். ஊர்ப் பையன்கள் பயிற்சியாளர்கள் ஆனார்கள். அலையைப் படிக்க அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. பக்கத்து மாமல்லபுரத்தில் 2025 ஆகஸ்டில் ஆசியப் போட்டியே நடந்தது. கர்நாடகத்தைச் சேர்ந்த ரமேஷ் புதிஹால் அதில் வெண்கலம் வென்றார்.

எனக்கு நீச்சல் தெரியாது. வரலாமா?

வரலாம், ஒரு நிபந்தனையோடு: அதைப் பணம் கட்டும்போதே சொல்லிவிட வேண்டும். வெட்கப்பட்டு மறைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். முதல் பாடம் முழுவதும் இடுப்பளவுத் தண்ணீரில், உடைந்து நுரையாக வரும் அலையில்தான் நடக்கும். நீச்சல் தெரியாதவர் என்று தெரிந்தால் பயிற்சியாளர் உங்கள் பலகையை விட்டு நகர மாட்டார். சில இடங்களில் மிதவைச் சட்டையும் தருவார்கள். தந்தால் மறுக்காமல் போட்டுக்கொள்ளுங்கள்.

நீச்சல் தெரியாதவர்களின் உண்மையான சிக்கல் ஆழம் அல்ல, பதற்றம். என் தோழி முதல் முறை விழுந்ததும் கண்ணை மூடிக்கொண்டு கையையும் காலையும் அடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற பயிற்சியாளர் தம்பி அமைதியாக, "அக்கா, எழுந்து நில்லுங்கள்" என்றார். நின்றாள். தண்ணீர் முழங்கால் வரைதான் இருந்தது. அவள் இப்போது மற்றவர்களிடம் சொல்லும் முதல் அறிவுரை இதுதான்: விழுந்தவுடன் காலால் மணலைத் தேடு.

ஆனால் விடுமுறைக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது என்றால், போய் நீச்சல் கற்றுக்கொள்ளுங்கள். பலகை மிதக்கிறது என்பதற்காக அது உங்களைக் காப்பாற்றும் என்று நம்ப முடியாது. பலகையைக் காலோடு பிணைக்கும் கயிறு கழன்றால் அது ஒரு திசை, நீங்கள் ஒரு திசை.

பள்ளி விடுமுறை மே மாதத்தில்தான். அப்போது அலை இருக்குமா?

இருக்கும். நம் கரைக்கு வரும் நல்ல அலைகள் பெரும்பாலும் இங்கே பிறப்பவை அல்ல. தெற்கே, இந்தியப் பெருங்கடலின் அடிக்கோடியில் வீசும் புயல்கள் கிளப்பிவிடும் அலைகள் பல ஆயிரம் கிலோமீட்டர் பயணம் செய்து, சீராகி, இங்கே வந்து சேர்கின்றன. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை அவற்றின் காலம். தொடக்கக்காரர்களுக்கு ஜனவரி முதல் மார்ச் வரை இன்னும் சாதுவான கடல். அலை குட்டையாக இருக்கும், சில நாள் இருக்கவே இருக்காது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கடல் கலங்கி, அலை ஒழுங்கில்லாமல் வரும். புயல் சின்னம் இருந்தால் கடற்கரைப் பக்கமே போகக் கூடாது. தீபாவளி விடுமுறைக்கு வேறு திட்டம் போடுங்கள்.

ஏன் காலை ஆறு மணிக்கே வரச் சொல்கிறார்கள்? விடுமுறையில்கூடத் தூங்கக் கூடாதா?

காற்றுக்காக. விடியற்காலையில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்ல வீசும், அல்லது வீசாமலே இருக்கும். எதிர்க்காற்று பட்ட அலை நிமிர்ந்து நின்று நிதானமாக உடையும். முற்பகல் ஏற ஏறக் கடற்காற்று கிளம்பிவிடும். சென்னைக்காரர்கள் மாடியில் நின்று வாழ்த்தும் அதே காற்று, அலையைக் கொத்துக்கறி போட்டுவிடும். பத்து மணி வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பாடம் முடிந்து எட்டரைக்கு அறைக்கு வந்து, தாராளமாகத் தூங்கலாம். தூக்கம் தானாக வரும்.

என்ன உடுத்திக்கொள்வது? நீச்சல் உடை எனக்குச் சரிவராது.

யாரும் கேட்கப் போவதில்லை. முழுக்கை வைத்த, உடலோடு ஒட்டும் நீச்சல் சட்டையும், கணுக்கால் வரையிலான இறுக்கமான லெகிங்ஸும் போதும். சட்டையைப் பல பள்ளிகளே தருகின்றன. பலகையின் மேற்பரப்பு வயிற்றையும் விலாவையும் உரசித் தோலை எடுத்துவிடும் என்பதால் ஆண்களுக்கும் வெற்று மார்பு வேண்டாம் என்பேன். பருத்தி டி-சட்டை நனைந்தால் ஈரப் போர்வை மாதிரி கனக்கும். துப்பட்டா, தொளதொள குர்தா இரண்டும் கூடாது. தலையை மறைக்க விரும்புகிறவர்கள் ஊசி குத்தாத, நீச்சலுக்கென்றே தைத்த இறுக்கமான தலையுறை அணிகிறார்கள்; எந்த இடைஞ்சலும் இல்லை.

கடல்நீர் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாகவே இருப்பதால், வெளிநாட்டுப் படங்களில் பார்க்கும் தடித்த ரப்பர் உடை தேவையில்லை.

தாலி, கொலுசு, மெட்டி எல்லாம் கழற்ற வேண்டுமா?

கொலுசைக் கட்டாயம் கழற்றுங்கள். பலகையின் கயிறு பின்னங்காலின் கணுக்காலில்தான் கட்டப்படும். கொலுசு அதற்குள் மாட்டினால் கொலுசும் போகும், தோலும் போகும். மோதிரம் விரலில் ஈரம் பட்டதும் நழுவும். அலை தின்ற தங்கத்தை யாரும் திருப்பித் தந்ததில்லை. கனமான சங்கிலியோடு கடலில் இறங்காதீர்கள். என் நாத்தனார் தாலிச் சங்கிலியை மாமியாரிடம் கொடுத்துவிட்டு, மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டு, கழுத்தை மூடும் சட்டைக்குள் விட்டுக்கொண்டாள். மாமியார் கரையில் குடையோடு அமர்ந்து சங்கிலியைவிட மருமகளைத்தான் கவனித்துக்கொண்டிருந்தார். மெட்டி இறுக்கமாக இருந்தால் இருக்கட்டும்.

தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்தால் வெயிலும் உப்பும் தாக்காதல்லவா?

தயவுசெய்து வேண்டாம். எண்ணெய் பட்ட கையை ஊன்றிப் பலகையில் எழ முயன்றால் முகம்தான் முதலில் பலகையைத் தொடும். அந்தப் பலகையில் அடுத்து ஏறுகிறவருக்கும் அதே கதி. தலையில் வைத்த எண்ணெய்கூட வழிந்து இறங்கும். முந்தின நாளே அலசிவிடுங்கள்.

தண்ணீரில் கரையாத சன்ஸ்கிரீனை இறங்குவதற்கு அரை மணி முன்பே பூசுங்கள். காதின் மேல்விளிம்பு, பின்கழுத்து, முழங்காலின் பின்பக்கம் ஆகிய மூன்றையும் எல்லோரும் மறப்பார்கள். குப்புறப் படுத்துக் கிடக்கும் விளையாட்டில் வெயில் விழுவதே அங்கேதான். உள்ளங்கையை மணலில் தேய்த்துப் பிசுபிசுப்பை எடுத்துவிட்டுப் பலகையைத் தொடுங்கள்.

என்ன சாப்பிட்டுவிட்டு வருவது?

ஒரு வாழைப்பழம், அல்லது ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி. பொங்கலும் வடையும் சாப்பிட்டுவிட்டு வயிற்றை அழுத்திப் படுத்துப் பாருங்கள், ஏன் வேண்டாம் என்கிறேன் என்று புரியும். தண்ணீர் நிறையக் குடியுங்கள். கடலுக்குள் இருந்தாலும் வியர்க்கிறது.

ஒன்றரை மணி நேரத்தில் அப்படி என்னதான் சொல்லித் தருவார்கள்?

முதல் அரை மணி நேரம் மணலில்தான். பயிற்சியாளர் விரலால் மணலில் பலகை மாதிரி ஒரு நீள்வட்டம் வரைவார், நடுவே ஒரு கோடு. அதன்மேல் குப்புறப் படுக்க வேண்டும்; கால்விரல்கள் வால்பக்க விளிம்பை ஒட்டி. துடுப்பு போடுவது போல இரு கைகளாலும் மாறி மாறி மணலைத் தள்ள வேண்டும். "எழு" என்றதும் உள்ளங்கைகளை விலாவின் பக்கத்தில் ஊன்றி, மார்பைத் தூக்கி, ஒரே வீச்சில் முன்கால் கைகளுக்கு நடுவே வந்து நிற்க வேண்டும். முழங்கால் மடங்கி, கண் முன்னே. இதைப் பத்துப் பதினைந்து முறை செய்ததும் மூச்சு வாங்கும். கரையில் வலை பிரித்துக்கொண்டிருக்கும் பெரியவர்கள் ஒரு சிரிப்போடு பார்ப்பார்கள், கண்டுகொள்ளாதீர்கள்.

பிறகு தண்ணீர். உங்களுக்குத் தரப்படுவது எட்டு, ஒன்பது அடி நீளமுள்ள, மேலே மெத்தென்ற நுரைப்பஞ்சுப் பலகை. சிறிய, கூரான பலகைதான் அழகு என்று அடம்பிடிக்காதீர்கள். பெரிய பலகை மிதக்கும், ஆடாது. பயிற்சியாளர் வாலைப் பிடித்துக்கொண்டு நல்ல அலைக்குக் காத்திருப்பார், தள்ளுவார், கத்துவார், நீங்கள் எழுவீர்கள், விழுவீர்கள். பலகையை இழுத்துக்கொண்டு திரும்பி நடப்பீர்கள். உண்மையில் உடம்பை முறிப்பது சறுக்குவது அல்ல, அலையை எதிர்த்துத் திரும்பி நடப்பதுதான்.

பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு ஒன்றுதான்: எழும்போது காலைப் பார்ப்பது. தலை குனிந்ததும் எடை முன்னால் போய், பலகையின் மூக்கு தண்ணீருக்குள் குத்தும். நான் பன்னிரண்டு முறை காலைப் பார்த்தேன். பதின்மூன்றாவது முறை பயிற்சியாளர், "அந்தக் கோபுரத்தைப் பாருங்கள்" என்று கரையில் தெரிந்த மாதா கோவிலைக் காட்டினார். மூன்று நொடி நின்றேன்.

எந்தக் காலை முன்னால் வைப்பது? நான் வலக்கைக்காரி.

கைக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. கண்ணை மூடி நில்லுங்கள், யாராவது பின்னாலிருந்து லேசாகத் தள்ளட்டும். எந்தக் கால் தானாக முன்னால் போகிறதோ அதுவே முன்கால். இடக்கால் முன்னால் வைப்பவர்களே அதிகம். வலக்கால் என்றாலும் குறை இல்லை.

பயிற்சியாளர்தான் தள்ளிவிடுகிறார். அப்புறம் அது எப்படி நான் சறுக்கியதாகும்?

சைக்கிள் கற்றபோது அப்பா சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினாரே, அப்போது ஓட்டியது யார்? அலையின் வேகத்துக்குப் பலகை ஈடுகொடுக்கும் கணத்தைப் பிடிப்பதுதான் இந்த விளையாட்டின் கடினமான பாதி. அதற்குத் தோள்வலுவும் கண்பழக்கமும் வேண்டும், மாதக்கணக்கில் ஆகும். முதல் நாளில் அந்தப் பாதியை அவர் எடுத்துக்கொள்கிறார், எழுந்து நிற்கும் பாதியை உங்களுக்கு விடுகிறார்.

விழுந்தால் அடிபடுமா?

மணல் தரையில் விழுவதால் பெரிய அடி அரிது. அடிபட்டால் அது பெரும்பாலும் பலகையால். மூன்று பழக்கங்களைக் கரையிலேயே கேட்டு மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். தலைகீழாகப் பாயாமல், பக்கவாட்டில் தட்டையாக விழுங்கள், ஆழம் குறைவு. மேலே வரும்போது இரு கைகளாலும் தலையை மூடிக்கொண்டே வாருங்கள், பலகை எங்கே மிதக்கிறது என்று தெரியாது. நடக்கும்போது பலகையை உங்களுக்கும் வரும் அலைக்கும் நடுவில் குறுக்கே பிடிக்காதீர்கள். அலை அதைத் தூக்கி உங்கள் பல்லில் அடிக்கும். அதன் மூக்கு அலையைப் பார்த்திருக்க, நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இன்னொன்று: காலில் கட்டிய கயிற்றை விரலிலோ மணிக்கட்டிலோ சுற்றிக்கொள்ளக் கூடாது. ஓர் அலை இழுக்கும் இழுப்பு விரலை முறிக்கும்.

சுறா வருமா? சொறிமீன் கடிக்குமா?

இடுப்பளவுத் தண்ணீரில் நீங்கள் அஞ்ச வேண்டியது மேலே சொன்ன பலகைக்குத்தான், சுறாவுக்கு அல்ல. ஜெல்லி மீன், அதாவது மீனவர்கள் சொறி என்பது, சில வாரங்களில் கூட்டமாக வரும். பட்டால் நெருப்புக்கோடு இழுத்தது போல எரியும். கடல்நீரால் கழுவுங்கள், நல்ல தண்ணீரும் வேண்டாம், மணலைப் போட்டுத் தேய்க்கவும் வேண்டாம், இரண்டும் எரிச்சலைக் கூட்டும். கரையேறியதும் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீர் வைத்தால் வலி குறையும். மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ உடனே மருத்துவமனை.

ஆழமற்ற மணலில் திருக்கை படுத்திருப்பது உண்டு. காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால் அது விலகிப் போய்விடும்.

கடல் உள்ளே இழுத்துக்கொண்டு போனால்?

இரண்டு வகை ஓட்டங்களைப் பிரித்துப் பாருங்கள். ஒன்று கரையை ஒட்டி ஓடுவது. சென்னைக் கரை மீனவர்கள் தெற்கிலிருந்து வடக்கே ஓடினால் தெண்டி என்றும், வடக்கிலிருந்து தெற்கே ஓடினால் வன்னி என்றும் சொல்வார்கள். கோடையில் பெரும்பாலும் தெண்டி. பத்து நிமிடம் விளையாடிவிட்டு நிமிர்ந்தால் உங்கள் செருப்பும் பையும் தெற்கே தள்ளிப் போயிருப்பது போலத் தெரியும், நகர்ந்தது நீங்கள். கரையில் ஓர் அடையாளத்தை வைத்துக்கொண்டு அவ்வப்போது நடந்து திரும்புங்கள்.

மற்றொன்று கரையிலிருந்து கடலுக்குள் பாய்வது, ஆபத்தானது. இருபுறமும் அலை உடையும்போது நடுவில் மட்டும் உடையாமல் அமைதியாகத் தெரியும் வழிதான் அது. புதியவர்கள் நல்ல இடம் என்று நினைத்து அங்கேதான் இறங்குவார்கள். சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீர்கள். பலகையை விடாமல் அதன்மேல் படுத்து, கையை உயர்த்தி உதவி கேளுங்கள். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகருங்கள். நீச்சல் தெரிந்தாலும் இதுவே விதி.

கள்ளக்கடல் என்று ஓர் எச்சரிக்கை வரும். வானம் தெளிந்து, காற்று இல்லாமல் இருக்கும்போதே தொலைதூர அலை திடீரென்று எழும்பிக் கரையை வாரும். ஹைதராபாதில் உள்ள, கடல்நிலையைக் கணித்துச் சொல்லும் இன்காய்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் இதை முன்கூட்டி அறிவிக்கிறது. 2024 மே 6 அன்று குமரி மாவட்டத்தில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோனபோது அந்த எச்சரிக்கை நடப்பில் இருந்தது. அறிவிப்பு இருந்தால் பணம் போனாலும் இறங்காதீர்கள்.

எடை தொண்ணூறு கிலோ, வயது ஐம்பத்திரண்டு, லேசாக முதுகுவலி. எனக்கு எதற்கு இந்த ஆசை?

கேட்டவர் என் சித்தப்பா. எடை தடை அல்ல. அதற்கேற்ற பெரிய பலகை உண்டு, முன்பே சொல்லிவிட வேண்டும். வயதும் தடை அல்ல. முதுகுத் தட்டு விலகியவர்கள், தோள்மூட்டு கழன்றவர்கள், செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்கள், வலிப்பு வருபவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் வரக் கூடாது. சித்தப்பா மருத்துவரைக் கேட்டுவிட்டு வந்தார். நிற்கவில்லை. முழங்காலிட்டபடியே கரைவரை வந்து, இறங்க மனமில்லாமல் மணல் தட்டிய பின்னும் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

மூக்குக்கண்ணாடி போடுகிறேன். மாதவிடாய் நாளும் வந்துவிடும் போலிருக்கிறது.

கண்ணாடியைக் கரையில் விட்டுவிடுங்கள்; முதல் பாடத்துக்குக் கோபுரம் தெரிகிற அளவு பார்வை போதும். கான்டாக்ட் லென்ஸ் அலையில் கழன்று போகும், போகாவிட்டால் கிருமித்தொற்று வரலாம். மாதவிடாய்க்குக் கோப்பையோ டாம்பனோ பழக்கமிருந்தால் தாராளமாக இறங்கலாம். நாப்கின் தண்ணீரில் பயன்படாது. புதிதாகக் கோப்பையை முயன்று பார்க்கும் நாளாக அதை வைத்துக்கொள்ளாதீர்கள்.

பணம் கட்டுமுன் என்ன கேட்க வேண்டும்?

ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர் என்பதுதான் முதல் கேள்வி. வேறோர் ஊரில் ஒரு முறை ஒன்பது பேருக்கு ஒருவர் என்று இறக்கிவிட்டார்கள். ஒன்றரை மணி நேரத்தில் எனக்குக் கிடைத்தது நான்கு தள்ளல். மீதி நேரம் வரிசையில் நின்றேன், ரேஷன் கடை மாதிரி. மூன்று பேருக்கு மேல் என்றால் யோசியுங்கள். கட்டணத்தில் பலகையும் சட்டையும் சேர்த்தியா, பயிற்சியாளருக்கு உயிர்காப்புப் பயிற்சி உண்டா, அலை இல்லாவிட்டால் நாளை மாற்றித் தருவார்களா என்றும் கேளுங்கள். படம் எடுக்கத் தனிக் கட்டணம் கேட்டால் கொடுத்துவிடுங்கள். மூன்று நொடி நின்றதற்கு வேறு சாட்சி கிடையாது.

கோவளமா, புதுச்சேரியா, இலங்கையா? எங்கே முதல் பாடம் நல்லது?

சென்னைக்கு வருகிறவர்களுக்குக் கோவளமும் மாமல்லபுரமும். புதுச்சேரியை அடுத்த தந்திராயன்குப்பத்திலும் கற்றுத் தருகிறார்கள். அங்கே கல் கொட்டிய பகுதிகளை விட்டு விலகியே இருக்க வேண்டும். இலங்கைக்குப் போகிறீர்கள் என்றால் காலத்தைப் பாருங்கள்: கிழக்கே பொத்துவிலை ஒட்டிய அறுகம்பேயில் மே முதல் செப்டம்பர் வரை, தெற்கே வெலிகமவில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. அறுகம்பேயின் பேர் பெற்ற முனை அலைகள், அதாவது கடலுக்குள் நீண்ட நிலமுனையை ஒட்டி உடைபவை, தேர்ந்தவர்களுக்கானவை. தொடக்கக்காரர்களைக் குட்டி அலை வரும் இடத்துக்கு அழைத்துப் போவார்கள். அந்தப் பக்கம் தமிழே பேச்சு என்பதால், "எழும்புங்கோ" என்று கத்தும்போது உங்களுக்கு உடனே விளங்கும்.

முதல் நாளே நின்றுவிட்டேன். நாளைக்குப் பலகையை வாடகைக்கு எடுத்துத் தனியாகப் போகலாமா?

போகக் கூடாது. நீங்கள் நின்றது நுரையில். அலையைத் தேர்ந்தது, தள்ளியது, இழுப்பைக் கவனித்தது எல்லாம் இன்னொருவர். அலை உடையும் வரிசைக்குப் போனால் அங்கே ஒழுங்கு உண்டு. உடையும் முனைக்கு மிக அருகில் இருப்பவருக்கே அலை சொந்தம். அவர் வரும் வழியில் குறுக்கே விழுந்தால் இருவருக்கும் காயம். குறைந்தது நான்கைந்து பாடங்கள் ஆகட்டும்.

படகுகளும் உண்டு. கோவளம் முதலில் மீன்பிடி ஊர், பிறகுதான் விளையாட்டு ஊர். காலையில் படகுகள் கரையேறும் பாதையில் நிற்காதீர்கள். அலைமேல் வரும் படகை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. மணலில் விரித்த வலையைத் தாண்டிப் போகாமல் சுற்றிப் போங்கள்.

மகன் நின்றுவிட்டான், நான் நிற்கவில்லை. அன்றைக்கே இன்னொரு பாடம் எடுக்கட்டுமா?

தோள் தூங்கப் போய்விட்ட பிறகு எடுக்கும் பாடம் வீண். ஒரு நாள் விட்டு, அதே பயிற்சியாளரைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் தவறு அவருக்குத் தெரியும். இடைப்பட்ட நாளில் சீப்பைத் தூக்கினாலும் கை வலிக்கும், விலா எரியும். அதோடு ஒரு வேடிக்கையும் நடக்கும். நான் அன்று மதியம் இலையில் சாம்பார் ஊற்றக் குனிந்தேன். மூக்கிலிருந்து ஒரு கரண்டி கடல்நீர் கொட்டியது. சைனஸுக்குள் தங்கியிருந்த தண்ணீர், பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. பந்தி பரிமாறும் வேலையை மட்டும் வேறு யாரிடமாவது கொடுங்கள்.

அறைத் தரையில் துண்டை விரித்துப் படுத்து, எழும் பயிற்சியைப் பத்து முறை செய்யுங்கள், சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்தபடி. பதினொன்றாவது முறை கீழறைக்காரர் கதவைத் தட்டுவார்.